சாவி, குடை, வாழைப்பழம்

மலாக்காவில் நானும் என் மனைவியும் இருந்தது நூற்று நான்கு நாட்கள். இருக்க நினைத்தது தொண்ணூறு. கூடிப்போன பதினான்கு நாட்களுக்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே எழுதிவிட்டால்தான் மற்றதை நிம்மதியாக எழுத முடியும்.

முசிறிக்குப் பக்கத்தில் முப்பத்தாறு வருடம் பள்ளி ஆசிரியராக இருந்தேன். அதில் கடைசிப் பதினொரு வருடம் தலைமை ஆசிரியர். மனைவி விசாலாட்சிக்கு அறுபத்தாறு வயது. இரண்டு வருடமாக மறதி நோய். முதலில் உறவினர் பெயர்கள் போயின, பிறகு கிழமைகள், பிறகு குழம்புக்கு உப்பு. திருச்சியில் மூன்று டாக்டர்கள் பார்த்து, மூவரும் வயதைக் காரணம் சொன்னார்கள். எனக்கு அவளைவிட ஐந்து வயது கூடுதல். எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

மகள் வாணி மலாக்காவில் வாழ்க்கைப்பட்டவள். அவள் போனில் சொன்னாள்: "இங்க ஒரு டாக்டர் புது மருந்து குடுத்துப் பாக்குறாருப்பா. இன்னும் கடைக்கு வராத மருந்து. பன்னண்டு வாரம் சாப்பிடணும். ஆனா முதல்ல அம்மாவுக்கு ஒரு டெஸ்ட் உண்டு, அது சரியா இருந்தாத்தான் சேத்துக்குவாங்க." மூன்று மாத அனுமதியில் புறப்பட்டோம். அது தொண்ணூற்றாறாம் வருடம், ஆடி மாதம்.

வாணியின் வீடு செங் என்ற இடத்தில். சுற்றிலும் தொழிற்சாலைகள். மாப்பிள்ளை குணாவுக்கு அதில் ஒன்றில் மேற்பார்வை வேலை. முதல் நாள் காலையில் எனக்கு வந்த முதல் குறை, அந்த ஊரில் விடிவதற்கே ஏழு மணி ஆகிறது. ஆறரைக்குக் கும்மிருட்டு. விசாலம் வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, வாசல் தெளிக்க வாளி தேடினாள். வாளி இருந்தது. தெளிக்க வாசல் இல்லை, சிமெண்டுத் தரையும் ஒரு காரும்தான். காரின் மேல் தெளித்தாள். ஜன்னல் வழியே தொழிற்சாலை பஸ்களை எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் இருபத்து மூன்று.

தெருமுனையில் ஒரு பாய் கடை. மூன்று தலைமுறையாக மலாக்காவில் இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். மாவை வீசி வீசி அவர் போடும் ரொட்டி சானாய் நம் ஊர் வீச்சுப் பரோட்டாவுக்குத் தம்பி. ஆற்றிய டீக்கு அங்கே தே தாரேக் என்று பெயர். நுரை நம்முடையதைவிட இரண்டு விரல் கூடுதல், இனிப்பு அதைவிடக் கூடுதல். விசாலம் ஒரு கிளாஸ் குடித்து முடித்து, ஐந்து நிமிடம் கழித்து, "நமக்கு டீ வரலியே" என்றாள்.

"அம்மாவுக்கு இன்னும் வரலியா, இதோ" என்று பாய் இன்னொரு கிளாஸ் கொண்டுவந்தார். அடுத்த ஐந்து நிமிடத்தில் மறுபடி. நான் எழுந்துபோய் விளக்கம் சொல்லத் தொடங்கினேன்.

"தெரியும் ஐயா. எங்க வாப்பாவும் இப்படித்தான் இருந்தாங்க. கால் கிளாஸ்தான் ஊத்துறேன். நீங்க உக்காந்து சாப்பிடுங்க லா" என்றார். அந்த ஊரில் பேச்சு முடிவது 'லா'வில்தான்.

அன்று நான்கு கால் கிளாஸ். அந்த நூற்று நான்கு நாளில் அவர் ஒரு முறைகூட, 'இப்பத்தானே குடிச்சீங்க' என்று அவளிடம் சொல்லவில்லை. நான் ஒரு நாளில் எத்தனை முறை அதைச் சொல்வேன் என்பதை அதன் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை எழுதப் போவதில்லை.

மூன்றாம் நாள் டாக்டரைப் பார்த்தோம். சீனர், ஐம்பது வயதுக்குள் இருக்கும், மெதுவாகப் பேசுபவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது. சேர்த்துக்கொள்ளப்படுபவர்களில் பாதிப் பேருக்கு மருந்து உள்ள மாத்திரை, மீதிப் பாதிக்கு மருந்து இல்லாத மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று முடியும்வரை யாருக்கும் தெரியாது.

"எங்களை மருந்து உள்ள பாதியில் போடக் கூடாதா?" என்றேன்.

"போட ஆசைதான். எனக்கே தெரியாதே" என்று சிரித்தார்.

என்னிடம் இருபத்தேழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் கொடுத்தார்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் எழுத வேண்டியது. தானே உடுத்துகிறாரா? ஆம். தானே குளிக்கிறாரா? ஆம். வீட்டில் இருப்பவர்களை அடையாளம் தெரிகிறதா? ஆம். கடைசிக் கேள்வி: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நீங்கள் அவருக்கு உதவுகிறீர்கள்? ஜாக்கெட் கொக்கி இரண்டு நிமிடம், தலை வாருவது ஐந்து நிமிடம் என்று மனத்துக்குள் கூட்டிப் பார்த்து, 'ஒன்று' என்று எழுதினேன்.

மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை டெஸ்ட். அன்றே மாத்திரை தொடங்கினால் பன்னிரண்டு வாரம், எண்பத்து நான்கு நாள். ஆறும் எண்பத்து நான்கும் தொண்ணூறு. எங்கள் அனுமதியில் ஒரு நாள்கூட மிச்சமில்லை. இந்தக் கணக்கு என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் தாதி சாந்தி உள்ளே வந்தாள். அங்கே தாதியை மிசி என்கிறார்கள். நான் தலைமை ஆசிரியர் என்று வாணி சொல்லியிருந்தாள். "ஐயா, டெஸ்ட் கேள்வியெல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சி. நான்தான் தமிழ்ல மாத்தினேன். எஸ்டேட் ஸ்கூல்ல ஆறாங் கிளாஸ் வரைக்கும்தான் தமிழ் படிச்சேன். நல்லா இருக்கான்னு ஒரு பார்வை பாத்துத் தரீங்களா?" என்று இரண்டு தாள்களை நீட்டினாள்.

பேனாவை எடுத்தேன். ஒன்பது திருத்தங்கள் செய்தேன். அவள் மூன்று முறை நன்றி சொன்னாள். வெளியே வந்து காரில் ஏறியபோது முப்பது மதிப்பெண்ணுக்கான அத்தனை கேள்விகளும் எனக்கு மனப்பாடமாகியிருந்தன.

நான் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனால் முப்பத்தாறு வருடம் பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்தவன் நான். கேள்வித்தாள் தெரியும், மாணவி பக்கத்தில் இருக்கிறாள், இடையில் இரண்டு நாள் இருக்கிறது. வேறு என்ன செய்வேன்? நல்ல மதிப்பெண் வாங்கினால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பினேன். அப்படி இல்லாத ஒரு பரீட்சை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒவ்வொன்றாகச் சொன்னால் விசாலத்துக்கு நிற்கவில்லை. வாய்ப்பாடுபோல ராகம் போட்டுச் சொன்னேன், நின்றது. சிறு வயதில் அப்படிப் படித்த மூளை அது. கிழமை, மாதம், வருடம், ஊர். பிறகு நினைவில் வைத்திருக்க வேண்டிய மூன்று சொற்கள்: சாவி, குடை, வாழைப்பழம். பிறகு இருபதிலிருந்து மூன்று மூன்றாகக் குறைப்பது: இருபது, பதினேழு, பதினான்கு, பதினொன்று, எட்டு, ஐந்து, இரண்டு. குளியலறை வாசலில் சொன்னோம். பாய் கடையில் சொன்னோம்.

வியாழன் மாலை குணா எங்களைத் தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கேயும் சொன்னோம். திரும்பும் வழியில், கடற்கரைச் சாலையில் கார் கொதித்து நின்றுவிட்டது. வலை காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் பெயிண்டு டின்னில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். விசாலம் அவரைப் பார்த்துக் கைகூப்பி, "சாவி, குடை, வாழைப்பழம்" என்றாள்.

அவர் விழித்தார். குணா அதை மலாயில் சொன்னதும் வீட்டுக்குள் போய் நான்கு வாழைப்பழத்தோடு வந்தார். ஏதோ சொன்னார்.

"மாமா, குடையும் சாவியும் தன்கிட்ட ஒன்னு ஒன்னுதான் இருக்காம். வாழைப்பழம் வேணுங்கிற அளவு இருக்காம்" என்றார் குணா.

சனிக்கிழமை. டாக்டர், மிசி, நான், விசாலம். மிசி தாளைப் பிரித்து, "அம்மா, உங்க பேர் என்ன?" என்று கேட்டாள்.

விசாலம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"விசாலாட்சி, சனிக்கிழமை, ஜூலை, தொண்ணூத்தாறு, மலாக்கா, சாவி, குடை, வாழைப்பழம், இருபது, பதினேழு, பதினாலு, பதினொன்னு, எட்டு, அஞ்சு, ரெண்டு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, உட்காரலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

மிசி தாளை மடித்தாள். "ஐயா, நான் உங்களைத் தமிழைத்தான் பாக்கச் சொன்னேன். பாடம் நடத்தச் சொல்லல" என்றாள்.

டாக்டர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. முப்பதுக்குப் பத்திலிருந்து இருபத்து நான்குவரை வாங்குபவர்களுக்குத்தான் இந்த மருந்து என்றார். "உங்கள் மனைவி கேள்விக்குக் கேள்வி பதில் சொல்லி இருபத்தெட்டு வாங்கியிருந்தால், நோயே இல்லை என்று எழுதி அனுப்பியிருப்பேன். எல்லாவற்றையும் மொத்தமாக ஒப்பித்தார்களே, அதுதான் உங்களைக் காப்பாற்றியது" என்றார். வேறு கேள்வித்தாள், பதினான்கு நாள் கழித்து. அதற்குள் இந்தப் பாட்டு மறந்திருக்க வேண்டும்.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது வாணி, "அம்மா என்ன எஸ்.எஸ்.எல்.சி.யா எழுதப் போறாங்க? உங்களுக்கு வாத்தியார் வேலையை விட முடியலன்னா எங்க தெருவுல எத்தனை பிள்ளைங்க இல்ல?" என்றாள். நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இருபதும் எண்பத்து நான்கும் நூற்று நான்கு. பதினான்கு நாள் அனுமதி இல்லாமல் இருக்க முடியாது. மருந்து பாதியில் நின்றால் எடுத்ததும் வீண்.

திங்களன்று டாக்டர் தந்த கடிதத்தோடு அனுமதியை நீட்டிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனோம். முகப்பில் முக்காடு போட்ட மலாய்ப் பெண். நான் எட்டுத் தாள்களை வரிசையாக அடுக்கி வைத்தேன். அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே விசாலம் கையை நீட்டி, அவள் முக்காட்டில் கழன்றிருந்த ஊசியைச் சரி செய்ய முயன்றாள். நான் பதறிக் கையை இழுத்தேன். அந்தப் பெண் 'இருக்கட்டும்' என்பதுபோல் தலையைக் குனிந்து காட்டினாள். ஊசி குத்தி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பின்னால் பதினேழு பேர் நின்றார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒரு மாதம் நீட்டித்துக் கிடைத்தது.

வாணிக்கு என்னை வீட்டில் வைத்திருக்கப் பயம், மறுபடி பாடம் எடுத்துவிடுவேன் என்று. மறுநாளே நியாலாஸுக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் இருக்கும் குணாவின் தாயார் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். வழியில் ஜாசின் என்ற ஊரில் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி பத்து நிமிடம் காத்திருந்தோம். நியாலாஸில் இறங்கினால் எஸ்டேட்டுக்கு நான்கு மைல், வண்டி இல்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழத்தை ஆலையில் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய லாரி ஒன்று நின்றது.

"ஆயா வீட்டுக்கா? ஏறுங்கய்யா. நாலு பேருக்கு இடம் இருக்கு லா" என்றார் ஓட்டுநர். மூன்று பேருக்குத்தான் இடம் இருந்தது. விசாலம் கியர் கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கியர் மாற்றும்போதெல்லாம் தன் முழங்காலை மரியாதையாக ஒதுக்கிக்கொண்டாள்.

சம்பந்தியம்மாள் அஞ்சலை முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர்; ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்த பிறகு, அந்த எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகத்துக்குப் பொறுப்பு அவர்தான். ஆயாக் கொட்டகை என்று சொல்கிறார்கள். ஒரு நீளக் கொட்டகை, உத்தரத்தில் சாரோங் துணியில் ஐந்து தொட்டில். தாய்மார்கள் விடிவதற்குள் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். வரும்போது ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை என்று ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் அஞ்சலையம்மாள் தொட்டு எண்ணுவார்.

முதல் நாள் நான் வழக்கம்போல விசாலத்தின் பக்கத்தில் நின்றேன். அஞ்சலையம்மாள், "விசாலம், ராத்திரி தூங்கினியா?" என்று கேட்டார். "நல்லா தூங்கினா" என்றேன். "இட்டிலி சாப்ட்டியா?" "நாலு சாப்பிட்டா" என்றேன்.

"சம்பந்தி, நான் அவங்களைக் கேட்டேன். நீங்க வெளிய பெஞ்சில போய் உக்காருங்க."

"அவளுக்குச் சட்டுனு வராது."

"வரட்டும். எங்களுக்கு நாலு மணி வரைக்கும் வேற என்ன வேலை?"

பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே எண்ணும் சத்தம் கேட்டது. "பத்து, பதினொன்னு, பன்னண்டு, விசாலத்தோட பதிமூணு." தொட்டில் பிள்ளைகளோடு அவளையும் சேர்த்து எண்ணியது எனக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்படியே சாய்ந்தவன் இரண்டு மணி நாற்பது நிமிடம் தூங்கிவிட்டேன். பகலில் நான் தூங்கியது எப்போது என்று எனக்கே நினைவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அந்தப் 'பதிமூணு' காதில் விழுந்த பிறகுதான் கண்ணை மூடுவேன்.

விசாலத்துக்கு வேலை கொடுத்தார்கள். தொட்டில் ஆட்டுவது, பிள்ளைகளுக்குச் சட்டைப் பொத்தான் போடுவது. தன் ஜாக்கெட் கொக்கியையே போடத் தெரியாதவள் ஒரு நாலு வயதுப் பெண்ணின் சட்டையோடு உட்கார்ந்தாள். மூன்று பொத்தானுக்குப் பதினொரு நிமிடம். நான் இரண்டு முறை எழுந்தேன். இரண்டு முறையும் அஞ்சலையம்மாள் பார்த்த பார்வையில் உட்கார்ந்தேன்.

இதில் ஒரு சிக்கல். விசாலம் தொட்டில் ஆட்டும்போது அந்த வாய்ப்பாட்டைத்தான் பாடினாள். இரண்டே நாளில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் அது பாடமாகிவிட்டது. சாவி, குடை, வாழைப்பழம் என்று கொட்டகையைச் சுற்றி ஓடினார்கள். இப்படித் தினமும் காதில் விழுந்தால் அவள் எப்படி மறப்பாள்? நான் பிள்ளைகளிடம் கெஞ்சினேன். ஆளுக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தேன். மிட்டாயைத் தின்றுவிட்டுப் பாடினார்கள்.

"பிள்ளைங்க வாய்க்கு நம்ம பூட்டு போட முடியுமா? விடுங்க" என்றார் அஞ்சலையம்மாள்.

கட்டிக்கொண்ட நாள்முதல் என் சாமான், என் தேதி, என் மருந்து என்று எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தவள் அவள். அவள் ஒன்றை மறக்க வேண்டும் என்று நான் சாமியிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றினார்கள். வரிசையில் நின்று கூழை வாங்கிக்கொண்டு அதையே கேட்டேன்.

மூன்று நாள் கழித்துப் பிள்ளைகள் பாடிக்கொண்டு ஓடினார்கள். விசாலம் தொட்டிலை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா இருக்கே. யாரு சொல்லிக்குடுத்தா உங்களுக்கு?" என்றாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அஞ்சலையம்மாள் என் தட்டைப் பார்த்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். "சம்பந்தி, ஒன்னு சொன்னா வருத்தப்படாதீங்க. காலையிலேருந்து அவங்க அம்மாவை எங்கன்னு என்னை நாலு தடவை கேட்டாச்சு. வாணியை நேத்து யாருன்னு கேட்டாங்க. நீங்க முந்தி முந்திப் பேசி எல்லாத்தையும் மூடி வச்சிருக்கீங்க. எங்க யாருக்கும் தெரியல. டாக்டருக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

வருத்தப்படத்தான் செய்தேன். ஆனால் பொய் என்று சொல்ல முடியவில்லை.

இருபதாம் நாள் மலாக்காவில் இரண்டாம் டெஸ்ட். இந்தத் தடவை என்னை உள்ளே விடவில்லை. கதவுக்கு வெளியே நாற்காலி. மிசி கேட்பதும் விசாலம் சொல்வதும் மெல்லக் கேட்டன. வருடம் தெரியவில்லை. ஊர் முசிறி என்றாள். மாதம் கேட்டபோது, வெகுநேரம் கழித்து, "ஆடி. கூழ் குடிச்சோமே" என்றாள்.

மிசி டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "இது சரியான பதில், டாக்டர். எங்கள் காலண்டரில் இது ஆடிதான்." ஒரு மதிப்பெண் போட்டார்கள்.

அதற்குள் என் கையில் அந்தப் படிவத்தைப் புதிதாகக் கொடுத்திருந்தார்கள். அதே இருபத்தேழு கேள்விகள். தானே உடுத்துகிறாரா? இல்லை. தானே குளிக்கிறாரா? இல்லை. அடையாளம் தெரிகிறதா? சில நாள் இல்லை. ஒவ்வொரு 'இல்லை'யும் அவளைக் காட்டிக்கொடுப்பதுபோல இருந்தது. பத்தொன்பது 'இல்லை' எழுதினேன். எத்தனை மணி நேரம் உதவுகிறீர்கள் என்ற கேள்விக்கு வந்தபோது, கூட்டிப் பார்க்கவில்லை. 'இருபத்து நான்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விசாலம் வாங்கியது பதினேழு. சேர்த்துக்கொண்டார்கள்.

எண்பத்து நான்கு மாத்திரைகள். ஒவ்வொன்றையும் அவள் நாக்கில் வைக்குமுன் முகர்ந்து பார்த்தேன். மருந்து வாசனை வந்த நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வார நாட்களில் நியாலாஸ், சனி ஞாயிறு செங். லாரி ஓட்டுநர் திங்கட்கிழமைகளில் எங்களுக்காகவே நின்று போனார். பாயின் கால் கிளாஸ் மூன்றாகக் குறைந்தது, ஒரு வாரம் இரண்டாகவும் இருந்தது. அது மருந்தாலா, அவள் உடம்பு இனிப்பை வேண்டாம் என்றதாலா, தெரியாது.

கடைசியில் மறுபடி டெஸ்ட் வைத்தார்கள். பதினேழு. கூடவில்லை, குறையவில்லை. முப்பத்தாறு வருடம் மதிப்பெண் போட்ட எனக்கு, ஒருவர் மூன்று மாதம் ஒரே மதிப்பெண்ணில் நின்றதற்காக யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். எந்த மாத்திரை என்று இனிமேல்தான் தெரியும், கடிதம் போடுகிறேன் என்றார். அவசரமில்லை என்றேன். அது என் வாயிலிருந்து வந்தது வாணிக்கு ஆச்சரியம்.

நூற்று மூன்றாம் நாள் சொல்லிக்கொண்டு வர நியாலாஸுக்குப் போனோம். மதியச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விசாலம் தன் இடம் தெரிந்தவளைப்போல வரிசைக் கடைசியில் போய் உட்கார்ந்தாள். நான் பெஞ்சுக்குப் போகத் திரும்பினேன்.

"எங்க போறீங்க? இலை போட்டாச்சு" என்றார் அஞ்சலையம்மாள். விசாலத்துக்குப் பக்கத்தில் ஓர் இலை கிடந்தது. உட்கார்ந்தேன். அவர் வழக்கம்போல முதல் பிள்ளையிலிருந்து தலையைத் தொட்டுக்கொண்டே வந்தார். பதினொன்னு, பன்னண்டு.

"விசாலத்தோட பதிமூணு" என்றார். கை என் தலைக்கு வந்தது.

"சம்பந்தியோட பதினாலு."